நூறு வருஷம் நிற்கும் கறுப்பு

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, முதலில் வலது கண்ணில் செய்துவிடலாம், அடுத்த புதன்கிழமை கூட்டிவாருங்கள், மறுநாளே கட்டைப் பிரித்துவிடலாம் என்றார் டாக்டர். "எல்லாம் பளிச்சுனு தெரியும் பாட்டி" என்று அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். அம்மா சிரித்தாள். "எம் பொண்ண நல்லா பாக்கணும், அது போதும்பா" என்றாள். அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

அக்கா எந்த ஊரிலும் இல்லை. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே, நாலு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு போட்டோ. எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. பழைய போட்டோவைப் பெரிதாக்கி அதைப் பிரிண்ட் போட்டது நான்தான். அந்தப் பிரிண்ட் வெளுத்துக்கொண்டே வந்து இப்போது முகம் ஏறக்குறையப் போய்விட்டது. அம்மாவுக்கு அது தெரியாது. கண் தெரியாததால்தான் தெரியாது. பெற்றவளுக்குப் பார்வை வந்துவிடப் போகிறதே என்று பயந்துகொண்டு ஒருவன் காஞ்சிபுரத்தில் எட்டு நாள் சோறு இறங்காமல் இருந்தான் என்றால் அது நான்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் எனக்கு ஒரு கடை. போட்டோ பிரிண்ட் போடுவேன், பிரேம் போடுவேன். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ் என்றெல்லாம் போர்டில் எழுதியிருந்தாலும், நிஜத்தில் என் பிழைப்பு செத்தவர்களைப் பெரிதாக்குவதுதான். ஆதார் கார்டிலிருந்தோ ரேஷன் கார்டிலிருந்தோ நகமளவு முகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, காரியத்துக்குள் வேண்டும் என்பார்கள். கலரில் இருந்தாலும் பாதிப் பேர் கறுப்பு வெள்ளையில்தான் கேட்பார்கள். அப்படிப் போட்டால்தான் போனவர் போனவராக இருப்பார் போலிருக்கிறது.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். புடவைக் கடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "சாயம் போவாதே?" நூறு வருஷம் நிற்கும் என்பேன். கொஞ்சமும் கூசாமல் சொல்வேன். பிரிண்டரோடு வந்த அட்டைப் பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. பெட்டிக்காரன் சொன்னது அவனுடைய இங்க்கைப் பற்றி. நான் ஊற்றிக்கொண்டிருந்தது வேறு பாட்டில்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கண்ணாடி உடைந்த சாமி படத்தையும் முகம் கெட்டுப்போன போட்டோவையும் எங்கள் பக்கம் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகாது. குப்பையிலும் போடக் கூடாது. அரசமரத்தடியில் சாத்திவைப்பார்கள், இல்லையென்றால் ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். புதுப் படம் வாங்க வருகிறவர்கள் பழையதை என் மேஜைமேல் வைத்து, "நீயே வுட்ருப்பா, புண்ணியமா போவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கென்றே கடையில் ஒரு சாக்குப் பை தொங்கும். நிரம்பியதும் வண்டியில் கட்டி, ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் விட்டுவிட்டு வருவேன். பாலாற்றில் தண்ணீர் இருக்கிற இடத்தைத் தேடுவதே பாதி வேலை.

அக்காவின் போட்டோவையும் அப்படித்தான் விட்டேன். ஏழு வருடத்துக்கு முன்பு. என் கையால்.

அது கையகலப் படம். ஸ்டுடியோ நாற்காலியின்மேல் நிற்க வைத்து எடுத்தது. ஒரு கையால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருப்பாள். முகம் இன்னும் ஒரு நொடி விட்டால் அழுதுவிடும். கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு. நாற்பது வருட மழைக்காலங்களில் பூஞ்சை பிடித்து, மோவாயிலும் ஒரு கண்ணின் இமையிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. ஒரு பண்டிகைக்கு வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, மூஞ்சில பூச்சி அரிச்ச படத்த வூட்ல வெச்சிக்கினு? எடுத்துடுக்கா" என்றாள். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் வீரமாக, "நான் புதுசா போட்டுத் தரேன்மா" என்றேன். ஊரான் வீட்டுச் செத்தவர்களுக்கெல்லாம் செய்கிறேன், என் அக்காவுக்குச் செய்ய மாட்டேனா?

ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு புள்ளியாக நாலு நாள் உட்கார்ந்து அடைத்தேன். திருஷ்டிப் பொட்டைத் தொடவில்லை. வேலை சுத்தமாக வந்தது. அதுவரைக்கும் நான் செய்ததில் தப்பில்லை.

என்னிடம் இரண்டு பிரிண்டர்கள். ஒன்றில் போடுவது பிக்மென்ட் இங்க். மையில் இருக்கும் நுண்ணிய பொடி தாளில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் அசையாது. கறுப்புக்கும் சாம்பலுக்கும் தனித்தனியாக மை உண்டு. பருத்தித் தாளில் போட்டால் படம் கொஞ்சம் மங்கலாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும். ஆனால் நிற்கும். இன்னொன்றில் போடுவது தண்ணீரில் கரைந்த சாயம், பாட்டிலில் வாங்கி ஊற்றுவது. வழவழப்பான தாளில் கறுப்பு கருகருவென்று மின்னும். அம்மாவுக்கு வயதாகிறது, மங்கலாகப் போட்டால் பிடிக்காது என்று நானே முடிவு செய்து, மின்னுகிற பிரிண்டரில் போட்டேன். காசுக்குப் பார்த்துச் செய்யவில்லை. மினுக்குக்கு ஆசைப்பட்டேன். எது நிற்கும் எது நிற்காது என்று ஊருக்கே சொல்ல வேண்டியவன் நான்.

பிரேமில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளிகூட விடவில்லை. அப்படியே அழுத்திப் போட்டேன். அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "முடி எவ்ளோ கருப்பா இருக்குது பாரு" என்றாள். பிறகு பழைய போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, "இது வேணாமாடா?" என்றாள்.

"இது எதுக்கும்மா இனிமே? புதுசு நூறு வருஷம் நிக்கும்."

அவள் கையிலிருந்து அதை நான் வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றும் சொல்லலாம்.

கம்ப்யூட்டரில் இருந்த ஸ்கேன் அடுத்த வருடமே ஹார்ட் டிஸ்க்கோடு போனது. மின்சாரம் போய் வந்த ஒரு மத்தியானத்தில் டிக் டிக்கென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. படம்தான் சுவரில் இருக்கிறதே என்று நான் அலட்டிக்கொள்ளவில்லை. போனில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளலாம் என்று முன்பு கேட்டதற்கு, செத்த குழந்தையை எல்லார் போனிலும் சுத்த விடாதே என்று அம்மா திட்டியிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றினேன். பிரேம் லேசாக நகர்ந்து, சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் வெளியே தெரிந்தது. அந்த ஓரம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற இடம் எவ்வளவு போயிருக்கிறது என்று உறைத்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது தெரியாது. அக்காவின் முகம் பச்சையடித்து, கண் இரண்டும் பென்சில் கோடு போலாகியிருந்தது. அப்படியே ஏணியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கடைக்குப் பின்னால் பட்டுக்குச் சாயம் போடுகிற பாய் ஒருவர் இருக்கிறார். படத்தை அவரிடம் கொண்டுபோனேன். வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல கருப்பே இல்லியே. மூணு நாலு கலர ஒண்ணாக் கலந்து கருப்புன்னு காட்டியிருக்குது உன் மிசினு. அதுல சிவப்பு மொதல்ல ஓடிப்போச்சி, பச்சை நிக்குது. அதுவும் போவும்."

"நிறுத்த வழி இருக்கா பாய்?"

"போனது போனதுதான். இருக்கறது இருக்கணும்னா வெளிச்சம் காட்டாத. பீரோல வெச்சிப் பூட்டு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பட்டுல நான் இந்த வேலை பண்ணியிருந்தா கல்யாண வூட்டுக்காரங்க வந்து ஒதச்சிருப்பாங்கோ" என்றார். சும்மா சொன்னார். ஆனால் யாராவது வந்து உதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பீரோவில் எப்படி வைப்பது? அம்மா காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் நிற்பாள். முதல் நாள் நடந்ததெல்லாம் சொல்வாள். மருமகள் வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது உள்பட. படத்துக்கு மேலே சீரோ வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியும். பல்பைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போய்விட்டது என்றேன். சாயங்காலமே என் மனைவியை அனுப்பிப் புதுசு வாங்கி மாட்டச் சொல்லிவிட்டாள். ஜன்னலுக்குத் திரை போட்டேன். காற்று வரவில்லை என்று ஒதுக்கிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அதற்குள் அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. படமும் அவள் பார்வையும் ஒன்றாக மங்கின. அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வசதியாகத்தான் இருந்தது.

இனி அந்த எட்டு நாள்.

முதல் நாளே செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். இரண்டு இடத்தில் பார்த்தார்கள். உள்ளே தட்டில் கீறல் விழுந்திருக்கிறது, ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள், கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று பொய் சொல்லிப் படத்தைக் கடைக்கு எடுத்துப்போனேன். "சாய்ங்காலத்துக்குள்ள கொண்டாந்துடு" என்றாள் அம்மா. தாளை வெளியே எடுத்து ஒழுங்காக ஸ்கேன் செய்தால், மிச்சமிருக்கிற சாயத்திலிருந்து ஏதாவது தேற்றலாம் என்று கணக்குப் போட்டேன். பின் அட்டையைக் கழற்றித் தாளின் மூலையைத் தூக்கினேன். வரவில்லை. ஏழு மழைக்காலத்து ஈரத்தில் தாளின் வழவழப்பு கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சரக்கென்று சத்தம் கேட்டது. அக்காவின் கவுன் ஓரம் தாளை விட்டுக் கண்ணாடியில் நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டு, கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு அழுதேன். நாற்பத்தெட்டு வயதில் வாய்விட்டு அழுதேன்.

அதற்குமேல் பிரிக்கத் துணிச்சல் இல்லை. கண்ணாடியோடு வைத்தே கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் நாற்காலி வந்தது. இன்னொன்றில் முடியும் காதும் வந்தன. பொட்டு லேசாக வந்தது. மூக்கின் நிழல் வந்தது. கண் எதிலும் வரவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் அந்த இடத்தில் மணல் மாதிரிப் புள்ளிகள்தான். சரி, நானே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த இடி விழுந்தது. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த படம், நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அடைத்த முகம். அந்தக் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "அக்காவுக்குக் கண்ணு எப்டிம்மா இருக்கும்?"

"இன்னாடா கேள்வி இது? தெனமும் பாக்கற. அங்கதான இருக்குது, போய்ப் பாரு." சுவரில் சரியாகப் படம் இருக்கிற இடத்தைக் காட்டினாள். நான் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்று, பார்க்கிறவன் மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஓரிக்கைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பழைய போட்டோவை விட்ட இடத்தில் இறங்கித் தேடினேன். ஏழு வருடம் கழித்து. மணலும் முள்செடியும் இருந்தன. ஒரு துண்டுக் காகிதம் கிடந்தால்கூடக் குனிந்து புரட்டினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள், "இன்னாத்தப்பா தொலச்ச?" என்று கேட்டாள். வண்டிச் சாவி என்றேன். பாவம், அவளும் கொஞ்சநேரம் எனக்காகச் சாவி தேடினாள்.

கடைசியில் ஏ.ஐ.யிடம் போனேன். மங்கிய படத்தைக் கொடுத்தால் அதுவே முகத்தை நிரப்பித் தரும் என்று ஆல்பம் டிசைன் செய்கிறவன் ஒருவன் சொன்னான். கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீள நீளமான இமை முடியோடு, அழகான பெண்குழந்தை ஒன்று வந்தது. திருஷ்டிப் பொட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருந்தது. அழப்போகிற வாயைத் திருத்திச் சிரிக்க வைத்திருந்தது. பொட்டைத் திரும்ப வைத்தேன். வாயைக் கொஞ்சம் இறக்கினேன். பார்க்கப் பார்க்க, இதுதான் அக்கா, இப்படித்தான் இருந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில், தனிக் கறுப்பும் தனிச் சாம்பலும் போட்டு, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கண்ணாடி படாமல் நடுவில் அட்டை வைத்து, பழைய பிரேமைப் போலவே ஒரு பிரேமில் போட்டேன். என் கடையில் அதுவரை அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடந்ததில்லை. யாரென்றே தெரியாத அந்தக் குழந்தை நூறு வருஷம் நிற்கும்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவை அழைத்துவருமுன் நான் படத்தை மாற்றியிருந்தேன். என் மனைவி உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, யாருங்க இது?"

"அக்காதான். புதுசா போட்டேன்."

"பாப்பா நல்லாத்தான் இருக்குது" என்றாள் மெதுவாக. "ஆனா யாரு?"

வலது கண்ணில் கட்டோடு, அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்து படத்தின் முன்னால் நின்றாள். கண்ணாடியைத் தொட்டாள். "கண்ணு, நாளைக்கி அம்மா உன்ன நல்லா பாக்கப் போறேன்டி. எத்தினி நாளாச்சி" என்றாள். அந்தப் புதுக் குழந்தை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன். இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்க முடியாது என்று தோன்றியது. அவள் மகளை நான் தொலைத்தது ஒன்று. இன்னொருத்தி மகளைக் கொண்டுவந்து நிறுத்தி, இவளிடம் கொஞ்ச வைத்தது இன்னொன்று.

மறுநாள் காலையில் ஆட்டோ வருவதற்குள் புதுப் படத்தைக் கழற்றிவிட்டு, வெளுத்துப்போன பழையதையே மாட்டினேன்.

கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது அம்மா குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். புடவைக் கடை வாசலில் பொம்மைக்குக் கட்டியிருந்த சேலையைக் காட்டி, "அரக்கு இவ்ளோ செவப்பாவா இருக்கும்? மறந்தே போச்சிடா" என்றாள். என் முகத்தைப் பார்த்து, "நீ இன்னாடா இப்டி கெழவனாயிட்ட?" என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். வீடு இன்னும் தூரமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

வாசலில் கால் கழுவிக்கொண்டு நேராகப் படத்தண்டை போனாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கிட்டே போனாள். முந்தானையால் பிரேமின் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பல்பு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது.

"பாப்பா எங்கடா?" என்றாள்.

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பொலேந்துடா இப்டி இருக்குது?"

சொல்வதற்கு எட்டு நாளாக ஏழெட்டுப் பொய் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "ரெண்டு வருஷமா போய்க்கினே இருந்ததும்மா. ஒண்ணும் பண்ண முடியல."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் படத்தைப் பார்த்தபடியே, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னாள். "ரெண்டு வருஷமா நான் வெறுங்காயிதத்தாண்ட பேசிக்கினு இருந்திருக்கேன். நீ பாத்துக்கினு இருந்திருக்க."

பிறகு கறுப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு காதில் சரியாக மாட்டவில்லை. நான் சரிசெய்யப் போனேன். என் கையை விலக்கிவிட்டாள்.

"ஒரு மாசத்துக்கு அழக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றாள். "போய் மருந்த எடுத்தா. நேரமாச்சி."